சோழவந்தான் வெற்றிலைக்கு மார்க் போடலாம்

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் ரயில் பாதையில், வைகைக் கரையில் இருக்கிறது சோழவந்தான். நெல் வயலையும் தென்னந்தோப்பையும் தாண்டி, ஆற்றின் மறுகரையில் தென்கரை, முள்ளிப்பள்ளம் பக்கம் போனால் கொடிக்கால்கள். அகத்தியைப் பற்றி ஏறும் வெற்றிலைக் கொடிகளுக்குள் நுழைந்தால் வெளி வெயில் தெரியாது.

மெல்லிய இலை, நாக்கில் ஏறும் காரம்: இதுதான் இவ்வூர் வெற்றிலையின் பெயர். 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பெயரைக் காப்பது விதைக்கொடித் தேர்வில் இருக்கிறது. காரமில்லாத பாத்தியில் கொடி எடுத்து நட்டுவிட்டால், அந்தக் கொடிக்கால் அழியும்வரை அதே இலையைத்தான் கிள்ள வேண்டும். அதற்கு ஞாபகத்தை நம்ப முடியாது. நோட்டில் மார்க் வேண்டும்.

தேயிலையை ருசி பார்ப்பவர்கள் இதற்கு வழிகாட்டுகிறார்கள். சர்வதேசத் தர முறைப்படி 100 மி.லி. கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம். எல்லா மாதிரிக்கும் இதே அளவு. நாக்கு நாளுக்கு நாள் மாறும். மற்றவற்றை மாறாமல் வைத்தால்தான் வித்தியாசம் இலையினுடையது என்று சொல்ல முடியும்.

வெற்றிலைக்கும் அப்படியே. ஒவ்வொரு பாத்தியிலும் ஒரே முதிர்ச்சியுள்ள 10 இலைகளை, அழகு பார்த்துப் பொறுக்காமல் பரவலாகக் கிள்ள வேண்டும். மருந்து தெளித்திருந்தால், அதற்குரிய காத்திருப்புக் காலம் முடியாமல் வாயில் வைக்கக் கூடாது. கழுவிய இலையை, காலையில் காபிக்கு முன், பாக்கு, சுண்ணாம்பு இல்லாமல் ஒரே அளவு கிள்ளி மெல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இடையில் வாய் கொப்பளித்துச் சற்றுப் பொறுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு மாதிரி போதும்.

மொத்தம் 20 மார்க்:

காரம் 5: மென்றவுடன் ஏறினால் 5, தாமதமாக ஏறினால் 3, தெரியாவிட்டால் 1.

மணம் 5: கசக்கியதும் தூக்கலாக வந்தால் 5, முகர்ந்து தேடினால் 3, இல்லாவிட்டால் 1.

மென்மை 5: நாரில்லாமல் கரைந்தால் 5, கொஞ்சம் சக்கை நின்றால் 3, துப்ப வேண்டியிருந்தால் 1.

வாடாமை 5: ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைத்து மூன்றாம் நாள் பார்க்கும்போது, 10 இலையும் நன்றாக இருந்தால் 5, ஒன்றிரண்டு கெட்டால் 3, அதற்கு மேல் 1.

எந்தப் பாத்தி இலை என்று தெரியாதபடி வீட்டார் எண் போட்டுக் கொடுப்பது நல்லது. அவர்கள் ஒரே இலையை இரண்டு எண்ணில் கலந்து வைக்கலாம். அந்த இரண்டுக்கும் 2 மார்க்குக்கு மேல் வித்தியாசம் வந்தால், அன்றைய கணக்கை அடித்துவிட வேண்டும்.

தேதி, கடைசியாகத் தண்ணீர் பாய்ச்சிய நாள், உரமிட்ட நாள் ஆகியவற்றையும் எழுத வேண்டும். கோடை மார்க்கைக் கோடையோடும், மழைக்கால மார்க்கை மழைக்காலத்தோடும் ஒப்பிட வேண்டும். இரண்டு பருவத்திலும் முன்னால் நிற்கும் பாத்தியில், நோயில்லாத கொடியாகப் பார்த்து வெட்டினால் விதைக்கொடி நம்பிக்கையானது.