வாய்மொழியாக இருந்த ஒரு விதி

கோட் ரிவ்யூவில் ஒரே விஷயத்தை ஆள் மாற்றி ஆள் சொல்லிக்கொண்டே இருந்தால், அதைக் கோடைத் தானாகச் சோதிக்கும் லிண்டரிடம் ஒப்படைத்துவிடுங்கள். 2013-ல் நிக்கோலஸ் ஜகாஸ் ஜாவாஸ்கிரிப்ட் லிண்டரான ஈஎஸ்லிண்ட்டைத் தொடங்கியதே, நம் விதிகளை நாமே சேர்த்துக்கொள்ள வழி வேண்டும் என்றுதான்.

எங்கள் டீமில் பணத்தொகையை எழுத்திலிருந்து தசம எண்ணாக மாற்ற பார்ஸ்ஃப்ளோட் கூடாது. ஜாவாஸ்கிரிப்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும், பில் போடுகிற இடத்தில் இது விளையாட்டில்லை. விதி எழுதுவது எளிது. லிண்டர் கோடை மரமாகப் பிரித்து ஒவ்வொரு கணுவாகப் போகும். ஃபங்ஷன் அழைப்பு வரும்போது பெயரைப் பார்த்து ரிப்போர்ட் செய்தால் போதும். நம்பர்.பார்ஸ்ஃப்ளோட் என்று எழுதியிருந்தால் மட்டும் கணுவின் வடிவமே வேறு, அதையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

பதிவு செய்வதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். விதியை ஒரு ப்ளகினில் வைத்து, அதைக் கான்ஃபிக் ஃபைலில் சேர்த்தால் மட்டும் எதுவும் நடக்காது. அங்கே ப்ளகினுக்கு வைத்த பெயர், சாய்கோடு, விதியின் பெயர் என்று எழுதி, 'எரர்' அல்லது 'வார்ன்' கொடுத்தால்தான் ஓடும். 'வார்ன்' கொடுத்தால் சொல்லும், ஆனால் தானாக பில்டை நிறுத்தாது.

எச்சரிக்கை வாசகத்துக்குக் கூடுதலாகவே நேரம் கொடுங்கள். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பிள்ளை அதைத் தனியாகப் படிப்பாள். ஏன் கூடாது, பதிலுக்கு எந்த ஃபங்ஷன் என்பது அந்த ஒரு வரியிலேயே அவளுக்குக் கிடைக்க வேண்டும்.