மார்கழி மழையும் எங்க வீட்டு வில்வமும்

 

தை பிறந்ததும் நாங்கள் வீடு மாறுகிறோம். 22 வருஷம் இருந்த தரை வீட்டை விட்டு அடுக்குமாடிக்குப் போறோம். அங்கே ஒரு பிடி மண் கிடையாது.

நம்ம நாட்டில் பனிக்காலம் இல்லை. நவம்பரில் ஆரம்பிக்கிற வடகிழக்குப் பருவமழைதான் நமக்குக் குளிர்காலம். ஜொகூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி முழுகினது இன்னும் கண்ணில் நிற்குது. இந்த மழை மாதத்தில்தான் நாங்கள் மூட்டை கட்டுறோம். அலமாரியை நகர்த்தினால் சுவரெல்லாம் பூஞ்சை. அட்டைப்பெட்டி ஊறி அடி விடுது. துவைச்ச வேட்டி மூணு நாளாகியும் காயலை. கதவு உப்பிப்போய், இழுத்தால்தான் மூடுது. வீடே எங்களை விடமாட்டேங்குது.

தோட்டத்திலும் அதே கதைதான். துளசி வேர் அழுகிப்போச்சு. மல்லிகையில் மொட்டே இல்லை. நந்தியாவட்டையும் அருகம்புல்லும் மட்டும் செழிப்பா இருக்கு. விடியற்காலைப் பூசைக்கு, திருவெம்பாவை 20 பாட்டும் பாடி முடிக்கும்போது சுவாமிக்குச் சாத்த, அதைத்தான் ஈரத்தோட கொண்டு வர்றோம்.

மனசுக்குக் கஷ்டம் வில்வத்தை நினைச்சுத்தான். வீட்டை வாங்குறவர் பின்பக்கம் முழுக்க சிமெண்டு போடப்போறார். அவர் வீடு, அவர் விருப்பம். அதில் குறை சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. ஆனா திங்கட்கிழமை பறிக்கக் கூடாதுன்னு ஞாயிறே பறிச்சு வச்சு, இத்தனை வருஷம் சிவனுக்குக் கொடுத்த மரம். பெரிய மரத்தைப் பெயர்த்துக் கொண்டுபோக முடியாது.

வில்வம் வேரிலிருந்து கன்று விடும். தாய் வேரைக் கொஞ்சம் சேர்த்து வெட்டி, மண்ணோட எடுத்து, பையில் வச்சு நிழலில் விட்டோம். வெயில் காலமா இருந்தால் வாடியிருக்கும். துணி காய விடாத இந்த மழைதான் கன்றுகளைப் பிழைக்க வச்சுது. இப்ப 11 கன்று துளிர் விட்டிருக்கு. ஒண்ணை ஆலயத்துக்கு ஒதுக்கியாச்சு. மீதி 10 இருக்கு.

தரை வீட்டில் இருக்கிறவங்க ஞாயிற்றுக்கிழமை பஜனை முடிஞ்சதும் ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க. காசு வேண்டாம். வெயில் படுற இடமா, தண்ணீர் தேங்காத மேட்டில் நடுங்க. கால்வாய் ஓரத்தில் வேண்டாம், முள் மரம், பிள்ளைங்க நடக்கிற பக்கமும் வேண்டாம். மழை நின்னதும் தண்ணீர் ஊத்த மறக்காதீங்க. மரமானதும் பிரதோஷத்துக்கு ஒரு கைப்பிடி இலை ஆலயத்துக்குக் கொடுத்தால் போதும்.

இனி நாங்கள் வெறுங்கையோட வந்தாலும், பூசைத் தட்டில் வில்வம் இருக்கணும்.

திருச்சிற்றம்பலம்.