தேடியதேட்டம்

பிரமாணப் பத்திரத்தில் 'சொத்து' என்ற பகுதிக்கு எனக்கு இரண்டு வரி போதுமாயிருந்தது. 'கடன்' பகுதிக்குத் தனித்தாள் இணைத்தேன். ஜீவனாம்ச வழக்கில் கணவன், மனைவி இருவருமே வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் இப்படிச் சத்தியம் செய்து சொல்ல வேண்டுமென்று 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது.

சொல்லத்தான் வேண்டும், பங்கிட வழியில்லை. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 27ஆம் பிரிவு கல்யாணத்தையொட்டி இருவருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட பொருள்களோடு நின்றுவிடுகிறது. 25ஆம் பிரிவு தருவது ஜீவனாம்சம். அது கேட்டு வாங்குவது, பங்கல்ல. பதினாறு வருடம் கூடிச் சேர்த்த வீடு, பத்திரத்தில் எவர் பேரோ அவருக்கு.

வடவள்ளியில் மனை அவர் பேரில். வீட்டுக்கடனில் நான் இணைக் கடனாளி. என் சம்பளச் சான்றிதழ் இல்லாமல் அந்தத் தொகை கிடைத்திருக்காது. தோட்டத்தில் போர் போட என் சீர் நகை இருபத்திரண்டு பவுன் அடகுக்குப் போனது. முதல் குழியில் புகைதான் பறந்தது, இரண்டாவதில் எண்ணூறு அடியில் தண்ணீர். "யார் பேர்ல இருந்தா என்ன அம்மிணி, எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணுதான" என்றார் மாமனார். ஏமாற்றச் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஆனால் தோட்டம் அவர்களுடையது, அடகுச்சீட்டு என்னுடையது. விவாகரத்துத் தீர்ப்பு தம்பதியைப் பிரிக்கும், இணைக் கடனாளிகளைப் பிரிக்காது. வங்கிக்கு வேண்டியது கையெழுத்து.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, கணவன் சவுதியில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில், இங்கே குடும்பம் பார்த்த மனைவியின் உழைப்புக்கும் சமபங்கு உண்டென்றார். அதை என் வழக்கில் காட்டலாமா என்று வக்கீலம்மாவைக் கேட்டேன். "காட்டலாங்க மேடம். சட்டம்னு ஒண்ணு வரணுமில்லீங்களா?" வர இருந்ததுதான். கணவன் சொத்தில் மனைவிக்குப் பங்கு சொன்ன மசோதா 2013இல் மாநிலங்களவையில் நிறைவேறி, மக்களவையைத் தாண்டாமல் காலாவதியானது. கோவாவிலோ, போர்ச்சுகீசியர் விட்டுப்போன சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் சொத்தும் பாதி, கடனும் பாதி.

தமிழ் படித்தவளுக்குச் சொல்லைத் தேடிப்போகும் பழக்கம் விடாது. 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த யாழ்ப்பாணத் தேசவழமையில் முதுசொம், சீதனம் என்பவற்றோடு மூன்றாவதாக ஒன்று உண்டு: தேடியதேட்டம். கல்யாணத்துக்குப் பின் தேடிச் சேர்த்தது, இருவருக்கும் பாத்தியதை. (அதே யாழ்ப்பாணச் சட்டத்தில், மனைவி தன் நிலத்தை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். கொண்டாட அவசரமில்லை.)

அந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொண்டுதான் சமரசப் பேச்சுக்குப் போனேன். வீட்டில் பாதி கேட்கவில்லை. கடனை முதலில் எண்ணச் சொன்னேன். எந்தக் கடன் எந்தச் சொத்துக்குள் போனதோ, அந்தச் சொத்து யாரிடம் நிற்கிறதோ, அவர் தலையில் அந்தக் கடன். அவருடைய வக்கீல் அரைமணி நேரம் எதிர்த்தார், பிறகு கால்குலேட்டரை எடுத்தார். அவர் புதுக்கடன் வாங்கிப் பழையதை அடைத்ததில் என் பெயர் நீங்கியது. நான் கட்டிய தவணைகளில் மூன்றில் ஒரு பங்கு திரும்பியது. நகை தவணையில் வருகிறது, இதுவரை பதினான்கு பவுன்.