எந்த ஈயம்?

நெல்லுக்கு நூறு பெயர் வைத்த நம்மவர்கள், இரண்டு உலோகங்களுக்கு ஒரே பெயரை வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டார்கள். வெள்ளீயமும் ஈயம், காரீயமும் ஈயம். இலக்கணத்துக்கு இதனால் நஷ்டமில்லை. ரஸத்துக்கு உண்டு.

பித்தளை தீக்கு அஞ்சாது, புளிக்கு அஞ்சும். அதிலுள்ள செம்பில் புளி பட்டால் களிம்பு ஏறும். அதனால்தான் துருத்தியும் நவச்சாரமுமாக ஈயம் பூசுகிறவர் தெருத் தெருவாக வந்தார். வெள்ளீயம் புளியை அவ்வளவாகச் சட்டை செய்யாது. அதற்குத் தீதான் எமன். 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே ரஸம் இருக்கும்வரை சொம்பு பத்திரம். வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு அடுத்த வீட்டு மாமியிடம் இரண்டு வார்த்தை பேசினால் போதும், திரும்பும்போது அடுப்பில் வெள்ளிக் குழம்புதான்!

காரீயம் வேறு ரகம். விலை மலிவு, கனம் வெள்ளீயத்தைப் போல் ஒன்றரை மடங்கு. புளிப்பில் கரைந்து உடம்பில் தங்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை பாதகமில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பேத்திக்கு ரஸம் சாதம் பழக்குகிற சமயம். புதுச் சொம்பு வாங்க மனைவியோடு கடைக்குப் போனேன்.

“சுத்த ஈயமா?” என்று கேட்டேன்.

“சுத்த ஈயம் சார்!”

“எந்த ஈயம்?”

கடைக்காரர் பார்த்த பார்வையில், தமிழ்ப் பண்டிதர்களைப் பற்றி அவருக்கிருந்த அபிப்பிராயம் தெரிந்தது. “ஈயம்னா ஈயந்தான் சார். கையிலே எடுத்துப் பாருங்க, என்ன கனம்!” என்றார் பெருமையாக.

மனைவி சொம்பை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“அந்த எவர்சில்வர் பாத்திரம் என்ன விலை?” என்று கேட்டாள்.