கண்ணாடியில் ஊற்றிய பூ

காரைக்குடியிலிருந்து ஆத்தங்குடிக்குப் போகும்போது, ஊர் நெருங்க நெருங்க டைல்ஸ் பட்டறைகளின் பெயர்ப்பலகைகள் கண்ணில் படும். பட்டறை என்றதும் இயந்திர இரைச்சலை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். கொட்டகை, நீள மேடை, மணல் குவியல், தண்ணீர்த் தொட்டி, அடுக்கி வைத்த கண்ணாடிச் சதுரங்கள், அவ்வளவே. சூளை கிடையாது. இங்கே செய்யும் தரைக்கல்லைச் சுடுவதே இல்லை.

மேடைமுன் உட்கார்ந்திருந்த ஒருவர் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் ஒட்டும் தூசிகூடக் கல்லில் வடுவாகிவிடுமாம். கண்ணாடிமேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவ அச்சு. சிமெண்டும் நிறப்பொடியும் மணலும் கலந்த குழம்பைச் சின்னக் கரண்டியில் மொண்டு, அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஊற்றினார். சிவப்பு, மஞ்சள், பச்சை. பக்கத்து அறையில் ஒரு சொட்டு விழவில்லை. பதம்தான் இங்கே எல்லாம். இட்லி மாவு போலத்தான்: தண்ணீர் கூடினால் ஓடிவிடும், குறைந்தால் மூலைக்குப் போய்ச் சேராது. ஊற்றி முடித்ததும் அச்சை நேர்மேலே தூக்கினார். நிறங்கள் ஒன்றையொன்று தொட்டபடி, ஆனால் கலக்காமல் நின்றன. "கை கொஞ்சம் சாஞ்சா பூ போச்சு சார்" என்றார், அடுத்த கண்ணாடியை இழுத்துக்கொண்டே.

பிறகு ஈரத்தை உறிஞ்ச உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவி, அதன்மேல் காரை போட்டுக் கரணையால் அழுத்தி மட்டம் செய்தார். நாம் மிதிக்கப்போகும் முகம் கண்ணாடியின்மேல் கவிழ்ந்தே கிடக்கிறது. தொட்டித் தண்ணீரில் சில நாள் ஊறி, காய்ந்து, கண்ணாடி கழன்ற பிறகுதான் தான் ஊற்றிய பூவை அவரே பார்க்கிறார். அந்த வழவழப்பு கண்ணாடியிலிருந்து வந்தது. மெருகு இயந்திரத்துக்கு இதில் வேலையில்லை. அச்சே இல்லாமல் கையோட்டத்தில் நிறத்தை ஊற்றிக் கோலம் இழுக்கிறவர்களும் இந்த ஊரில் உண்டு.

இந்தச் செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் தங்கள் பெரிய வீடுகளுக்குப் பர்மாத் தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் கப்பலில் வரவழைத்தார்கள். வெளிநாட்டுப் பூ ஓடுகளும் அப்படி வந்தவைதான். சிமெண்டில் பூ போடும் முறை ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் பரவியது. அங்கே அழுத்த இயந்திரம் உண்டு. ஆத்தங்குடி அந்த இயந்திரத்தை விட்டுவிட்டுக் கண்ணாடியையும் உள்ளூர் மணலையும் பிடித்துக்கொண்டது.

இன்று சென்னை, பெங்களூருவில் வீட்டு உள்ளலங்காரம் செய்கிறவர்கள் இந்தக் கல்லை விரும்பிக் கேட்கிறார்கள். பூஜையறை, காபிக் கடை, சமையலறைச் சுவர் எங்கும் ஆத்தங்குடி. சுவரில் ஒட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மிதிக்க மிதிக்க, துடைக்கத் துடைக்கப் பளபளப்பு ஏறும் கல்லை மனிதக் கால் படாத இடத்தில் ஏற்றிவைத்து என்ன பயன்? படம் எடுக்கலாம், அவ்வளவுதான். இதே பூவை அச்சடித்த தொழிற்சாலை டைல்ஸும் கடையில் கிடைக்கிறது. அதில் நிறம் மேல்தோல் மட்டுமே. இதில் நிறம் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது. அதனால்தான் பல தலைமுறை நடந்தும் செட்டிநாட்டு முகப்புகளில் பூ அழியவில்லை.

பட்டறையில் கேட்ட பெரிய மனக்குறை விலையைப் பற்றியதல்ல. "ஒரு கல்லுல பச்சை கொஞ்சம் தூக்கலா இருந்தா, மொத்தத்தையும் மாத்திக் குடுங்கறாங்க" என்றார் கல்லை அடுக்கிக்கொண்டிருந்த பெண். கூலி கல் கணக்கில். திரும்பி வரும் கல் யார் தலையில் விழும் என்று நான் கேட்கவில்லை. அவர் முகமே சொன்னது.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். நிறம் கல்லுக்குக் கல் சற்று மாறத்தான் செய்யும். கையால் ஊற்றியதற்கு அதுவே அடையாளம். மழைக்காலத்தில் காய நாளாகும், அவசரப்படுத்தாதீர்கள். பதிக்க இந்தக் கல்லில் பழகிய கொத்தனாரையே கூப்பிடுங்கள். ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள். எலுமிச்சையும் புளியும் சிந்தினால் உடனே துடையுங்கள். அவ்வப்போது தேங்காயெண்ணெய் தொட்ட துணி போதும். உடைந்தால் மாற்ற, நாலைந்து கல் கூடுதலாக வாங்கி வையுங்கள். அதே பச்சை மறுபடி கிடைக்காது.