பேரவைப் பணமும் நம் பிள்ளைகளும்

அமெரிக்காவில் மேற்படிப்புப் படிக்கும் நம் பிள்ளைகள், இஃப்தார் நிகழ்ச்சி நடத்த முதுநிலை மாணவர் பேரவையிடம் நிதி கேட்கலாமா? "அது யாசகம் ஆகிவிடாதா, அத்தா?" என்று என் மகள் தயங்கினாள்.

யாசகமன்று. பல பல்கலைக்கழகங்களில் எல்லா மாணவரிடமும் கட்டாயமாகப் பெறும் கட்டணமே அந்நிதி. அவள் செலுத்திய பங்கும் அதில் உண்டு.

வர்ஜீனியா பல்கலைக்கழகம், கிறிஸ்தவ மாணவர் இதழொன்றின் அச்சுச் செலவு 5,862 டாலரைத் தர மறுத்தது. சமயக் கருத்து என்பதற்காக மறுத்தல் ஆகாதென 1995இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தகைய கட்டணத்தைக் கருத்துப் பாகுபாடின்றிப் பகிர வேண்டுமென 2000இல் விஸ்கான்சின் பல்கலைக்கழக வழக்கிலும் கூறியது. அரசுப் பல்கலைக்கழகங்களில் பிறர் பெற்ற அந்த நீதி நமக்கும் உரியதே.

ஆனால், அப்பணத்தில் பிற சமயத்து மாணவர்களின் காசும் கலந்திருக்கிறது. ஆகவே, சஹன் வைக்கும்போது அவர்களையும் அழைப்பதே முறை. மிச்சம் ஒரு டாலரானாலும் கணக்கோடு திருப்பித் தரவேண்டும். பொதுப்பணம் அமானிதம், மறுமையில் அதற்குக் கேள்வி உண்டு.

உரிமையைக் கேட்கக் கூச வேண்டாம். கணக்கைக் காட்டவும் கூச வேண்டாம். பயணம் புறப்படும் பிள்ளைகளிடம் இவ்விரண்டையும் சொல்லி அனுப்புங்கள்.