பாங்காக்கைக் காட்டி வாங்கிய பூண்டு

2019 அக்டோபரில் கிளாவரையில் பூண்டு வாங்கியபோது நான் சொன்னவற்றில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. பதினாறு நாடுகள் கூடி ஆர்.சி.இ.பி. என்றொரு வணிக ஒப்பந்தம் போடப் போகின்றன. அதில் சீனாவும் உண்டு. கையெழுத்தானால் இறக்குமதித் தீர்வை இறங்கும். உலகத்தில் விளைகிற பூண்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு சீனாவில்தான் விளைகிறது. எல்லாம் பத்திரிகையில் வந்த செய்தி. இவற்றை அடுத்தடுத்துச் சொல்லி, கேட்டவர்களைப் பயமுறுத்தி, சந்தை விலையைவிட நன்றாகக் குறைத்து வாங்கினேன். அதைத்தான் இங்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கிளாவரை, கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று மேல்மலை ஊர்களைத் தாண்டி வருகிற பஸ் நின்று திரும்புகிற கடைசி ஊர். அதற்கப்பால் காடு, காட்டுக்கப்பால் கேரளத்து வட்டவடை. படிப்படியாக வெட்டிய வயல்களில் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ். வயலிலிருந்து ரோட்டுக்கு மூட்டை சுமப்பது மட்டக்குதிரை. பூண்டு விளைவது இங்கே என்றாலும் அதற்கு விலை பிறப்பது பெரியகுளத்துக்குப் பக்கத்தில், வடுகபட்டிச் சந்தையில். மலையிலிருந்து இறங்கும் பூண்டும், இமாச்சலத்திலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் லாரியில் வரும் பூண்டும் அங்கேதான் பக்கத்தில் பக்கத்தில் குவியும். அந்த விலையை மலைக்கு எடுத்துவருகிறவர்களில் நானும் ஒருவன். பிறந்தது மேல்மலையில், படித்தது எம்.ஏ. பொருளாதாரம், பிழைப்பு பூண்டு வியாபாரம்.

மலைப்பூண்டின் காரத்தையும் மணத்தையும் எல்லோரும் பேசுவார்கள். வியாபாரிக்குத் தெரிந்த அதன் உண்மையான பலம் வேறு. அது காத்திருக்கும். தாளோடு கட்டுக் கட்டாகக் கட்டி, அடுப்புப் புகை ஏறுகிற பரணில் போட்டுவிட்டால், பக்குவம் தெரிந்த வீட்டில் மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கும். கேரட் பிடுங்கினவனுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அன்றைக்கே வண்டி ஏற்றியாக வேண்டும், கேட்ட விலைக்குக் கொடுத்தாக வேண்டும். பூண்டு வைத்திருப்பவர் மட்டும் வியாபாரியைப் பார்த்து, ‘உன் விலை கட்டாதுப்பா, தை கழியட்டும்’ என்று சொல்லிவிட்டுப் பீன்ஸுக்குத் தண்ணீர் விடப் போகலாம். கையில் நிலமும் பணமும் குறைவாக உள்ளவருக்கு இந்தத் தொழிலில் இருக்கிற ஒரே பிடிமானம் அதுதான். புவிசார் குறியீடு கொடைக்கானல் மலைப்பூண்டுக்குக் கிடைத்ததும் அதே 2019-இல்தான். கொஞ்சம் பொறுத்திருந்தால் விலை ஏறும் என்று ஊரே நம்பிய நேரம்.

அந்தப் பொறுமையை உடைத்தால்தான் எனக்கு லாபம். அதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. செய்தித்தாள் கொண்டுவந்து கொடுத்தது.

பெரியம்மா முறையாகும் ஒருவர் வீட்டுத் திண்ணையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். செய்தித்தாளை விரித்துக் காட்டினேன். அவருக்குப் படிக்க வராது. படத்தில் நாடுகளின் கொடிகள் வரிசையாக இருந்தன.

“இம்புட்டு நாடுமா பூண்டு அனுப்பப் போகுது?” என்றார்.

“சீனா ஒண்ணு போதும் பெரியம்மா.”

“எப்பத்துலருந்து?”

“அடுத்த மாசம் பாங்காக்ல கையெழுத்து.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்ப விதைக்கு எடுத்து வச்சதும் வீணுதானாப்பா?” என்று கேட்டார். “வீணுதான்” என்றேன். விற்கிற பூண்டோடு விதைப்பூண்டையும் இறக்கிக் கொடுத்தார். இந்த ஒரு சொல்லுக்கு என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை.

மற்றவற்றுக்கு அப்போது சமாதானம் வைத்திருந்தேன். ஒப்பந்தம் வந்தால் எனக்கும்தானே நஷ்டம், முன்கூட்டி எச்சரித்தது தப்பா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஆனால் அந்த வாரங்களில் என் கிட்டங்கியை நிரப்பிக்கொண்டிருந்தேன். சீனப் பூண்டு வந்து குவியும் என்று நம்புகிறவன் வாங்கி இருப்பு வைப்பானா? எனக்கு நம்பிக்கை இல்லை. அவர்களுக்கு நம்பிக்கை ஊட்டினேன், அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்தும் சொல்லாமல் விட்டவை இவை. சீனப் பூண்டு இந்தியாவுக்குள் வர 2005-இலிருந்தே தடை இருக்கிறது. அந்தத் தடைக்குக் காரணம் தீர்வை இல்லை, பூஞ்சை நோய். தீர்வையைக் குறைக்கிற ஒப்பந்தம் பயிர்நோய்த் தடையைத் தானாக நீக்கிவிடாது. பூண்டுக்கு இறக்குமதித் தீர்வை நூற்றுக்கு நூறு. சீனாவுக்கு எதையாவது குறைப்பதாக இருந்தாலும் பல வருடங்களில் படிப்படியாகத்தான் என்று அதே பத்திரிகைகள் எழுதியிருந்தன. பயப்படுவதற்கு நிஜமான காரணமும் இருந்தது: நேபாள எல்லை வழியாகக் கள்ளத்தனமாக வரும் சீனப் பூண்டு. ஆனால் அதற்கு பாங்காக்கில் யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் மலைப்பூண்டின் விலையை ஒவ்வொரு வருடமும் அழுத்துவது வடக்கிலிருந்து ஒரு பைசா தீர்வை இல்லாமல் வருகிற நம் நாட்டுப் பூண்டு. அதை வாங்கி விற்கிறவர்களிலும் நான் உண்டு. இதை எப்படித் திண்ணையில் உட்கார்ந்து சொல்வது?

கல்லூரியில் ரிக்கார்டோ படித்தேன். 1817-இல் எழுதிய புத்தகத்தில் இங்கிலாந்தின் துணியையும் போர்ச்சுகலின் திராட்சை மதுவையும் வைத்து, நிலைமை வேறுவேறான இரு நாடுகள் வியாபாரம் செய்தால் இரண்டுக்கும் லாபம் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருப்பார். நாட்டுக்கு லாபம், சரி. போர்ச்சுகலில் தறி வைத்திருந்தவன் திராட்சைத் தோட்டத்துக்கு எப்படிப் போவான் என்ற கேள்விக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. ரிக்கார்டோவும் தொழிலால் தரகர்தான், லண்டன் பங்குச் சந்தையில். தரகர்கள் போடுகிற கணக்கில் தரகு மட்டும் எப்போதும் மறைந்தே இருக்கும் போலிருக்கிறது.

யோக்கியமாக எடுத்துச் சொல்ல எனக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருந்தது. இந்தியாவும் இலங்கையும் 1998 டிசம்பரில் சுதந்திர வணிக ஒப்பந்தம் போட்டன. 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. ஒரு பக்கம் நூறு கோடி மக்கள், இன்னொரு பக்கம் இரண்டு கோடி. அதனால் தீர்வையை இறக்க இந்தியாவுக்கு மூன்று வருடம், இலங்கைக்கு எட்டு வருடம் என்று அவகாசத்தையே வேறுவேறாக வைத்தார்கள். இலங்கைத் தேயிலைக்கு வருடத்துக்கு ஒன்றரைக் கோடி கிலோ என்று உச்சவரம்பு. அதுவும் குறிப்பிட்ட துறைமுகங்கள் வழியாக மட்டும். இவ்வளவு யோசித்தும் ஓட்டை விழுந்தது. மலேசியாவிலிருந்து பாமாயிலை இலங்கைக்குக் குறைந்த தீர்வையில் கொண்டுவந்து, அங்கே வனஸ்பதியாக்கி, தீர்வை இல்லாமல் இந்தியாவுக்குள் இறக்கினார்கள். அந்த ஆலைகளில் போட்ட முதலில் பெரும்பங்கு இந்தியர்களுடையது. பிறகு மிளகு. வியட்நாம் மிளகு இலங்கை மிளகு என்ற பெயரில் வந்து இறங்குகிறது என்று இங்குள்ள மிளகு விவசாயிகள் கூக்குரலிட்டார்கள். எங்கள் கீழ்மலையில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் மிளகுக்கொடி வைத்திருந்தவர்களுக்கு அந்த அடி நேராகவே விழுந்தது. கிலோ 500 ரூபாய்க்குக் கீழே இறக்குமதி கூடாது என்று 2017 டிசம்பரில் மத்திய அரசு விலை வரம்பு வைத்தது அதற்குப் பிறகுதான்.

ஆக, ஒப்பந்தத்தைக் கண்டு பயப்பட நியாயமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. நியூசிலாந்துப் பால் பவுடரை நினைத்து ஆர்.சி.இ.பி.யை எதிர்த்த குஜராத்துப் பால்காரர்களின் பயம் வெறும் பயம் இல்லை. கேரளத்து விவசாயிகள் 2009-இல் ஆசியான் ஒப்பந்தத்தை எதிர்த்ததும் அப்படித்தான். எந்தப் பொருள், எந்தத் தீர்வை, எத்தனை வருடத்தில், எந்த வழியாக என்று கேட்டால் பயத்துக்கு ஓர் அளவு கிடைத்துவிடும். அளவு தெரிந்தவரிடம் விலை குறைத்து வாங்க முடியாது. அதனால் நான் அளவைச் சொல்லவில்லை.

நவம்பர் 4 அன்று பாங்காக்கில் பிரதமர் மோடி, இந்தியா சேரவில்லை என்று அறிவித்துவிட்டார். செய்தி கேட்டபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி இல்லை, சந்தோஷம். கிட்டங்கியில் சரக்கு இருந்தது. அந்த வருடக் கடைசியில் பூண்டு விலை நாடு முழுக்க ஏறியது. நானும் ஏறிய விலைக்கு விற்றேன். ஊரில் யாரும் சண்டைக்கு வரவில்லை. ‘நல்லவேளை, நம்ம ஆளுக கையெழுத்துப் போடல’ என்று என்னிடமே சொன்னார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அடுத்த நடவுக்கு விதை வேண்டும் என்று பெரியம்மா வந்தார். விதையும் நானே கொடுத்தேன், அன்றைய விலைக்கு. அவர் பரணிலிருந்து இறங்கிய பூண்டு.

இந்தியா வெளியே நின்றதால் சீனச் சரக்கு நின்றுவிடவும் இல்லை. அப்போது ஐயாயிரம் கோடி டாலரைத் தாண்டியிருந்த சீனாவுடனான நம் வணிகப் பற்றாக்குறை, 2024-25-இல் பத்தாயிரம் கோடி டாலரை ஒட்டி நின்றது. கதவைச் சாத்தியதாகக் கொண்டாடியவர்களுக்கும் அந்தக் கதவைத் திறக்கச் சொன்னவர்களுக்கும் இந்தக் கணக்கு தலைவலிதான். நான் இரண்டு பக்கமும் இல்லை. சத்தம் அதிகமாக இருந்தால் சரி என்று நின்றவன்.

இன்னொரு தட்டில் வைக்க வேண்டியது என் வீட்டிலேயே இருந்தது. தங்கை மகன் திருப்பூரில் கட்டிங் மாஸ்டர். வங்கதேசத்துச் சட்டை ஐரோப்பாவுக்குத் தீர்வை இல்லாமல் போகிறது, நம் சட்டைக்குப் பன்னிரண்டு சதவீதம் வரை, அதனால்தான் ஆர்டர் தவறுகிறது என்று அவன் வரும்போதெல்லாம் புலம்புவான். மேல்மலைப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே வேலை பார்க்கிறார்கள். 2025 ஜூலை 24 அன்று பிரிட்டனோடு ஒப்பந்தம் கையெழுத்தானபோது போன் போட்டுச் சொன்னான். அடுத்த மாதமே அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு ஐம்பது சதவீதம் வரி போட்டதும், ஓவர்டைம் நின்றுபோச்சு மாமா என்றான். பூண்டு விற்கிற தாயும் பனியன் தைக்கிற மகனும் ஒரே வீட்டில் இருக்கையில், ‘ஒப்பந்தம் வேண்டாம்’ என்று திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல நான் யார்? அன்று எனக்கு இது தெரியாதா என்றால், தெரியும். பூண்டு வாங்கப் போன இடத்தில் பனியனைப் பேசினால் காரியம் கெட்டுவிடும்.

2026 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தோடு பேச்சு முடிந்தது என்று செய்தி வந்ததும் கிளாவரையில் கேட்டார்கள், அங்கேயிருந்து பூண்டு வருமா என்று. ஸ்பெயினில் பூண்டு நிறைய விளையும் என்பது வாய் வரைக்கும் வந்தது. வாங்குகிற பருவம் அது. ‘நம்ம பூண்டுக்கு என்னன்னு போட்டிருக்கான்னு பார்த்துட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் யாருக்கும் கொடுக்காதீங்க’ என்றேன். இதை ஒரு நல்ல காரியமாக எழுதிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. அந்த முறை என்னிடம் வாங்கப் பணமும் கம்மி.

பழைய கணக்கு நோட்டு இருக்கிறது. யாரிடம் எத்தனை கிலோ, என்ன விலை, எல்லாம் என் கையெழுத்தில். அன்றைக்கு வடுகபட்டியில் போன விலையைப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். வித்தியாசத்தைக் கூட்டிப் பார்த்தேன். திருப்பித் தர முடியாத தொகை இல்லை. தரவில்லை. பிக்-அப் வண்டியின் கடைசித் தவணைகள் அந்தப் பணத்தில்தான் அடைந்தன, அந்த வண்டியில்தான் இன்றும் மூட்டை ஏற்றுகிறேன். பெரியம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. பேத்தி பிளஸ் டூ முடித்துவிட்டாள், நன்றாகப் படிப்பாள். இந்தப் பத்திரிகை அவள் கைக்குப் போனால் பாட்டிக்கு வாசித்துக் காட்டுவாள். அதற்கப்புறம் அவர்கள் வீட்டுப் பூண்டை வேறு யாராவதுதான் எடை போட வேண்டியிருக்கும்.